ஓட்டில் இருந்த கோடு

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை ஷட்டரைப்
பாதி இறக்கி வைத்திருப்பேன்.
செம்மண்டலத்து ஹாரன்கள் அடியில் குனிந்து வரும்.
சவரிநாதனும் குனிந்து வருவான்,
வலது காலை முதலில் நீட்டி,
பிறகு உடம்பை.
முழுக்கத் தூக்கிவிடுகிறேன் என்றால்
வேண்டாம் என்பான்.
பின்னாலேயே அவன் மகள் நித்திலா
ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு.

நாங்கள் பார்ப்பது ஒரு பொம்மைத் தொடர்.
படகில் திரியும் ஒரு நரி, ஓர் ஆமை, கண் தெரியாத கொக்கு.
நரிக்குப் பெயர் தும்பன்.
முதல் பாகம் சும்மா சிரிப்பு.
அதன் கடைசியில் ஒரு கூடை மீனுக்காகத்
தும்பன் வரைபடத்தை விற்றான்.
படகு பாறையில் ஏறியது.
ஆமையின் ஓடு பிளந்தது.

இரண்டாம் பாகம் முழுக்க அந்த விரிசல் இருந்தது.
தூங்கினால் இருந்தது. சிரித்தால் இருந்தது.
ஆமை கடுகளவு தெரிகிற தூரக் காட்சியிலும்
யாரோ மெனக்கெட்டு அந்தக் கோட்டை இழுத்திருந்தார்கள்.
நான் டிங்கர்.
நசுங்கலைத் தேடியே பழகிய கண் இதையெல்லாம் விடாது.
தும்பன் பேச்சைக் குறைத்தான்.
ஏழு வாரம் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்டான்,
அதையும் பாதியில் விட்டுவிட்டு
மழையில் போய் உட்கார்ந்தான்.
அன்றைக்குக் கடலைத் தோலை ஊதுகிற சாக்கில்
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முள்ளோடையில் குடித்துவிட்டு
வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்றது நான்.
ஆல்பேட்டை வரவில்லை, அதற்குள்.
எனக்கு உதட்டில் மூன்று தையல்.
அவனுக்கு ஜிப்மரில் இருபத்தாறு நாள்.
நாலு வருஷமாகத் தொடவில்லை,
அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
அவன் என்னை மன்னித்தது வேறு,
முட்டி மடங்காதது வேறு.
இரண்டும் ஒரே படகில் இருக்கலாம் என்று
ஒரு நரி சொல்லித்தான் கேட்டேன்.

போன வாரம் மூன்றாம் பாகம் வந்தது.
படகு புதுசு. பாட்டு புதுசு.
ஆமையின் ஓடு
ஷோரூமிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி மின்னுகிறது.
ஒரு வைத்தியன் வரவில்லை.
ஒரு மந்திரம்கூட இல்லை.
தும்பன் மறுபடி வரைபடத்தை விற்கிறான்.
பின்னால் யாரோ கூட்டமாகச் சிரிக்கிறார்கள்.
ஆமையும் சிரிக்கிறது.

தானே அடித்த மறுநாள்
பண்ருட்டிப் பக்கம் ஒரே ஒரு முந்திரி மரமாவது
எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு
நேற்று ஒன்றும் நடக்கவில்லையே என்றதா?

வெள்ளிக்கிழமை நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர்
விற்கப் போகிற காரோடு வந்தார்.
அடிபட்டதே தெரியக் கூடாது என்றார்.
பட்டி பூசினேன், தேய்த்தேன்,
முகம் பார்க்கிற மாதிரி பெயின்ட் அடித்தேன்.
அதுதான் என் பிழைப்பு.
ஆனாலும் விரலை மடக்கித் தட்டினால்
கதவு உள்ளிருந்து வேறு குரலில் பேசும்.
இந்த ஓட்டைத் தட்டிப் பார்க்கவும் வழியில்லை.
எனக்கு நரிமேல் கோபமில்லை.
அத்தனை காட்சியிலும் அந்தக் கோட்டை இழுத்த கை
இப்போது என்ன செய்கிறது?
இனி வேண்டாம் என்று
யார் அதனிடம் சொன்னது, எந்த வாயால்?

"விடுடா, பொம்மைதானே" என்றான் சவரி.
சொல்லிக்கொண்டே முட்டியைத் தேய்த்தான்.
மழை வருமாயிருக்கும்.

நித்திலா ஒன்றும் கேட்கவில்லை.
நசுங்கலுக்குக் குறி போட
என் சட்டைப் பையில் இருக்கும் மார்க்கரை உருவினாள்.
டிவியில், ஆமையின் முதுகில்,
நாக்கைக் கடித்துக்கொண்டு
மேலிருந்து கீழாக ஒரு கோடு.

ஆமை நகர்ந்து போய்விட்டது.
கோடு அங்கேயே நின்றது,
கொஞ்ச நேரம் கடலின் மேல்,
பிறகு கொக்கின் கழுத்தில்,
நரி கிட்டத்தில் வந்து சிரித்தபோது
அதன் வாய்க்குக் குறுக்கே.

சவரி துணி தேடினான்.
தின்னர் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது.
நான் எடுத்துக் கொடுக்கவில்லை.